சமையற்காரருக்கும் வால்வு தெரிய வேண்டும்: நீர்மூழ்கிப் பயிற்சி, ஓர் அறிமுகம்

விசாகப்பட்டினத்தின் கடற்கரைச் சாலையில், மணலை ஒட்டி, ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கரையேறி உட்கார்ந்திருக்கிறது. ஐ.என்.எஸ். குர்சுரா என்பது அதன் பெயர். சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. மறு ஆண்டிலிருந்து அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். 91 மீட்டர் நீளம் என்று கேள்விப்பட்டு, ஏதோ மாளிகைபோல இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் அறையிலேயே தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் குழாய், கம்பி, சக்கரக் கைப்பிடி, அளவுமானி. தலைக்கு மேலும் அதேதான்.

உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக ஆள் நிமிர்ந்து நடக்கும் வாசல் கிடையாது. சுவரில் வட்டமாக ஒரு துளை, அதற்குக் கனத்த ஓர் இரும்புக் கதவு. முதலில் ஒரு காலை விட்டு, முதுகை வளைத்து, தலையை நுழைத்து, மற்ற காலை இழுத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் அந்தத் துளையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே தோன்றிய கேள்வி, தண்ணீர் உள்ளே பாயும்போது இந்தக் கதவை யார் மூடுவார் என்பது. அதிகாரியா? பொறியாளரா? யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர்தான் மூட வேண்டும். சமையற்காரர் இருந்தால் சமையற்காரர். நீர்மூழ்கிப் பயிற்சி என்னும் நீண்ட ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் கடற்படை, பிறகுதான் கடலடி

“நீர்மூழ்கியில் சேர எங்கே விண்ணப்பிப்பது?” என்று பிளஸ் டூ முடித்த பையன்கள் கேட்பதுண்டு. நேரடியாக விண்ணப்பிக்கும் இடம் எதுவும் இல்லை. முதலில் கடற்படையில் சேர வேண்டும். சேர்ந்த பிறகு, நீர்மூழ்கிப் பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்க வேண்டும். உடலும் மனமும் அதற்குத் தகுதியானவையா என்று பார்த்து எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, “நீர்மூழ்கியில் இடம் வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்கும் ஆசாமி யாராக இருந்தாலும், கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

மாலுமியாகச் சேரும் வழி 2022 முதல் அக்னிபாத் திட்டத்தின் வழியாக நடக்கிறது. நான்கு ஆண்டுப் பணி. அது முடிந்ததும் ஒரு தொகுதியில் 25 விழுக்காடு வரையிலானவர்களே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். திட்டம் வகுத்த வயது வரம்பு பதினேழரை முதல் 21. முதல் ஆண்டில் மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 30 விழுக்காட்டைப் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, நான்கு ஆண்டு முடிவில் ஒரு தொகையாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வாசல்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்); பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு எம்.ஆர். (மெட்ரிக் ரெக்ரூட்). சமையல், பரிமாறுதல், துப்புரவு போன்ற பணிகள் எம்.ஆர். பிரிவில் வரும். கணினி வழித் தேர்வு. ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஓட்டம், ஆண்களுக்கு ஆறரை நிமிடம், பெண்களுக்கு எட்டு. அப்புறம் மருத்துவப் பரிசோதனை. விதிகள் ஆண்டுக்காண்டு சிறிது மாறுகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைக் கடற்படையின் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. இயற்பியலைத் தமிழில் நன்றாகப் படித்த பையன், “மிதப்பு விசை” என்றால் உடனே சொல்லிவிடுவான். அதன் ஆங்கிலச் சொல்லைக் கண்டு ஒரு நொடி திகைப்பான். அந்த ஒரு நொடி தேர்வில் கனமானது. கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி வைத்துப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தேர்வானவர்கள் போகுமிடம் ஒடிசாவின் சிலிகா ஏரியை ஒட்டிய ஐ.என்.எஸ். சில்கா என்னும் பயிற்சித் தளம். ஏறக்குறைய நான்கு மாதம். அணிவகுப்பு, நீச்சல், துப்பாக்கி, படகு, துடைப்பம் எல்லாம் அங்கே. அதன்பின் அவரவர் தொழிலுக்கான பள்ளி: இயந்திரம் என்றால் லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி, மின்சாரம் என்றால் ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வல்சுரா. குஜராத்தில் இருக்கும் பள்ளிக்கு வல்சுரா என்று எப்படிப் பெயர் வந்தது என்று யோசிக்க வேண்டாம். அது நம் வாள்சுறாதான். இந்தியாவின் முதல் நீர்மூழ்கியின் பெயரான கல்வரி, மலையாளத்தில் புலிச்சுறாவுக்குச் சொல்லும் பெயர். தெற்கத்திக் கடலோரத்தின் சொற்கள் கடற்படையில் இப்படி அங்கங்கே மிதந்துகொண்டிருக்கின்றன.

இயற்பியல் கொஞ்சம் தேவை

பயிற்சி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று புரிய வேண்டுமானால், நீர்மூழ்கி எப்படி மூழ்குகிறது, எப்படி எழுகிறது என்பது தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது. நீர்மூழ்கியின் உறுதியான உள்கூட்டைச் சுற்றி, அல்லது முன்னும் பின்னும், பெரிய தொட்டிகள் இருக்கின்றன. மேலே மிதக்கும்போது அவற்றில் காற்று. மூழ்க வேண்டுமென்றால் தொட்டிகளின் மேல்வாயைத் திறப்பார்கள்; காற்று வெளியேறும், அடியிலிருந்து கடல்நீர் ஏறும். கப்பலின் எடை கூடி, அது விலக்கும் நீரின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகும். எழ வேண்டுமென்றால், உருளைகளில் அடைத்து வைத்திருக்கும் அழுத்தக் காற்றைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். இடையில் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் மீனின் துடுப்புபோல இரு பக்கமும் பலகைகள் உண்டு.

“ஏறத்தாழச் சமம்” என்று சொன்னேன் அல்லவா, அந்த “ஏறத்தாழ” என்பதில்தான் ஒரு மாலுமியின் நாள் முழுவதும் போகிறது. டீசல் செலவாகச் செலவாக எடை குறையும். அரிசி மூட்டை காலியானால் குறையும். நீருக்குள் பாயும் குண்டான டார்பிடோ ஒன்று போனால் ஒரே நொடியில் ஒன்றரை, இரண்டு டன் குறையும். பத்துப் பேர் முன்னறையிலிருந்து பின்னறைக்கு நடந்தால் மூக்கு லேசாக நிமிரும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துச் சிறு தொட்டிகளில் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். தட்டில் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைக்கும் பழைய பலசரக்குக் கடைக்காரரின் வேலைதான். தராசுக்குள்ளேயே கடைக்காரரும் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் வித்தியாசம்.

அடுத்தது அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டரில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ 10 கிலோ எடை உட்கார்ந்திருக்கும். ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழாய் அந்த ஆழத்தில் உடைந்தால், நொடிக்கு 50 லிட்டர் அளவில் தண்ணீர் உள்ளே பீறிடும். நம் வீட்டுக் குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு மூன்று குடத்துக்கும் மேல். உதவிக்கு ஆள் கூப்பிட்டு, அவர் வந்து, எந்த வால்வு என்று விசாரித்து மூடுவதற்குள் எத்தனை குடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது காற்று. டீசல் நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் மின்கலங்களின் பலத்தில்தான் ஓடுகிறது. மின்கலம் தீர்ந்தால், மேற்பரப்புக்கு அருகே வந்து, ஸ்நார்க்கல் என்னும் குழாயை மட்டும் வெளியே நீட்டி, காற்றை உறிஞ்சி, டீசல் இயந்திரத்தை ஓட்டி மறுபடி மின்னேற்ற வேண்டும். ஈய அமில மின்கலங்கள் மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் அது நான்கு விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், ஒரு பொறி போதும். அதே மின்கலங்களில் கடல்நீர் கலந்தால் குளோரின் நச்சுவாயு. ஆக, தண்ணீர், தீ, காற்று மூன்றும் ஒன்றையொன்று கூப்பிடும் இடம் இது. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் சிந்துரத்னாவில் எழுந்த புகை இரண்டு அதிகாரிகளின் உயிரைக் கொண்டுபோனது. கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி அன்றே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சேர விரும்புகிறவர்களிடம் இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை.

சாதவாகனாவில்

இந்தியாவுக்கு நீர்மூழ்கிக் கலை வந்த கதை சுவையானது. 1960-களின் தொடக்கத்தில் சில அதிகாரிகளை பிரிட்டிஷ் கடற்படையிடம் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். ஆனால் கப்பல் கிடைத்தது சோவியத் நாட்டிடமிருந்து. அதனால் அடுத்து போனவர்கள் விளாடிவோஸ்டாக்கின் குளிரில், ரஷ்ய மொழியையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. அளவுமானிகளிலெல்லாம் ரஷ்ய எழுத்து. 1967 டிசம்பர் 8 அன்று ரிகா துறைமுகத்தில் கல்வரி படையில் சேர்ந்தது. அதன் முதல் கேப்டன் கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன். டிசம்பர் 8 இன்றும் நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இனி வெளிநாடு போக வேண்டாம் என்று விசாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியை அமைத்தார்கள். 1974-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். சாதவாகனா. இன்றைக்கும் நீர்மூழ்கிக்காரர்கள் தயாராகும் இடம் அதுதான். வகுப்பறையில் குழாய்ப் படங்கள். பக்கத்தில் கட்டுப்பாட்டு அறையின் மாதிரி, அது உண்மைபோலவே மூக்கைக் குத்திச் சாயும். அங்கே மூழ்கவும் எழவும், தப்பு செய்யவும் பழக்குகிறார்கள். தரையில் செய்யும் தப்புக்கு ஆசிரியரின் ஏச்சோடு போய்விடும்.

அங்கே படித்து முடித்தாலும் ஒருவர் நீர்மூழ்கி வீரராகிவிட மாட்டார். ஒரு படகுக்கு அனுப்பப்படுவார். (எவ்வளவு பெரியதானாலும் நீர்மூழ்கியை அதன் ஆட்கள் படகு என்றுதான் சொல்கிறார்கள்; கப்பல் என்று சொன்னால் நீங்கள் வெளியாள் என்று தெரிந்துவிடும்.) அங்கே அவருக்குக் கிடைக்கும் இடம் எல்லோருக்கும் கீழே. கல்வியறிவும் பட்டமும் எடுபடாது. ஏனென்றால், படகு அவருக்கும் சேர்த்துக் காற்றும் சோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறது, பதிலுக்கு அவர் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை.

இந்த நிலையிலிருந்து வெளியே வருவதுதான் தகுதிபெறும் காலம். புதியவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு அமைப்பையும் அவர் சொந்தக் காலால் தேடிப் பார்த்து வரைய வேண்டும். அழுத்தக் காற்றுக் குழாய் எங்கே தொடங்குகிறது, எந்தச் சுவரைத் துளைக்கிறது, வழியில் எத்தனை வால்வு, எது கையால் மூடுவது, எது பொத்தானால் மூடுவது. நீர்வெளியேற்றும் பம்பு எது. தீயணைப்பான் எங்கே. மின்சாரம் போனால் எந்தச் சுவிட்சு. காகிதத்தில் வரைந்து, அந்தந்தத் துறைக்காரரிடம் காட்டி, அவர் குறுக்குக் கேள்வி கேட்டு, திருப்தியானால் கையெழுத்து. இல்லையென்றால், “போய்ப் பார்த்துவிட்டு நாளைக்கு வா.” இது அவருடைய சொந்த வேலை நேரத்துக்கு மேல் நடக்கும். சோனார் (நீருக்குள் ஒலியை வைத்துக் கப்பல்களைக் கண்டறியும் கருவி) கேட்பவருக்கு டீசல் இயந்திரம் தெரிய வேண்டும். இயந்திரக்காரருக்கு டார்பிடோக் குழாயின் கதவு வரிசை தெரிய வேண்டும். சமையற்காரருக்கு இரண்டும் தெரிய வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு போய்க் கைப்பிடியைத் தொட வேண்டும் என்பார்கள். புகை நிறைந்தாலும் விளக்கு அணைந்தாலும் கண் பயன்படாது, கைதான் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு குழுவின் முன் தேர்வு. எழுத்து, வாய்மொழி, பிறகு படகுக்குள் நடந்துகொண்டே கேள்வி. தேறியவர் சட்டையில் டால்ஃபின் சின்னம் ஏறும். உலகின் பல கடற்படைகளில் இந்தச் சின்னம் ஏதோவொரு வடிவில் உண்டு. பிரிட்டனில் ரம் நிறைந்த கோப்பையின் அடியில் சின்னத்தைப் போட்டுக் கொடுத்து, குடித்து முடித்துப் பல்லால் கவ்வி எடுக்கச் சொல்வது வழக்கம்.

வெளியிலிருந்து பார்க்கும்போது இது வேலைப்பளு அதிகமான ஒரு மனப்பாடப் பரீட்சைபோலத் தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. நாற்பது பேர் இருக்கும் இடத்தில் நாற்பது பேருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்பது வீண் செலவில்லையா, அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் போதாதா? ஸ்குவாலஸ் கதையைப் படித்த பிறகு அந்தக் கேள்வியைக் கைவிட்டேன்.

ஸ்குவாலஸ், 1939

1939 மே 23. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கடலோரத்தில் ஸ்குவாலஸ் என்ற புதிய நீர்மூழ்கி சோதனைக்காக மூழ்கியது. உள்ளே 59 பேர். மூழ்கும்போது இயந்திரத்துக்குக் காற்று கொண்டுவரும் பெரிய குழாயின் வால்வு மூடியிருக்க வேண்டும். மூடிவிட்டதாகவே பலகையில் விளக்கு காட்டியது. ஆனால் திறந்திருந்தது. பின்பக்க அறைகளுக்குள் கடல் கொட்டியது. படகு வால் கீழாகச் சரிந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கும் பின் அறைக்கும் நடுவே உள்ள கதவருகில் நின்றவர் லாயிட் மேனெஸ் என்ற மின்பணியாளர். கதவை மூடச் சொல்லிக் கட்டளை வந்தது. படகு சரிந்துவிட்டதால், நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள அந்தக் கதவை மேல்நோக்கி இழுக்க வேண்டியிருந்தது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரில் தத்தளித்து வந்தவர்களின் குரல் கேட்டது. கதவைச் சிறிது விட்டுக்கொடுத்து அவர்களை உள்ளே ஏற்றிக்கொண்டார். அதற்குமேல் யாரும் வரவில்லை, தண்ணீர் வந்தது. மூடினார். அந்தப் பக்கம் இருந்த 26 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தப் பக்கம் இருந்த 33 பேரும், 73 மீட்டர் ஆழத்தில் ஒரு நாளுக்கும் மேலாகக் காத்திருந்து, மேலிருந்து இறக்கப்பட்ட மணிவடிவ மீட்புக் கூண்டில் நான்கு நடையாக ஏறி வந்தார்கள்.

அவரை வீரர் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சில நொடிகளில் அவரிடம் இருந்தது வீரத்தைவிடச் சாதாரணமான ஒன்று என்று நினைக்கிறேன்: கதவின் எடை எவ்வளவு, தாழ் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அது தெரியாத ஒருவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குர்சுராவின் வட்டக் கதவைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். ரஷ்ய மரபில் வந்த படகுகளில் ஒழுங்கு இன்னும் கடுமையானது. ஆபத்து என்று மணி அடித்ததும் ஒவ்வொரு அறையையும் மூடிவிடுவார்கள். யார் எந்த அறையில் இருக்கிறாரோ அங்கேயே நின்று போராட வேண்டும், அடுத்த அறைக்கு ஓடக் கூடாது.

வெளியே வர, கடலை உள்ளே விட வேண்டும்

பயிற்சியில் எல்லோரும் மனத்துக்குள் அஞ்சும் பகுதி, மூழ்கிப்போன படகிலிருந்து தப்பித்து வருவது. இதில் ஒரு விந்தை இருக்கிறது. 100 மீட்டர் ஆழத்தில், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மேல்மூடியின்மீது கடல் வைக்கும் எடை ஏறத்தாழ 28 டன். பீமனே வந்தாலும் உள்ளிருந்து தள்ளித் திறக்க முடியாது. திறக்க ஒரே வழி, தப்பிக்கும் அறைக்குள் கடல்நீரைத் தாமே விட்டு, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக்குவது. சமமானதும் மூடி எளிதாகத் திறந்துகொள்ளும். பயந்து ஒளிந்திருக்கும் ஒருவர், எதற்குப் பயந்தாரோ அதையே தம் கையால் வால்வைத் திருகி உள்ளே விட வேண்டும். புத்தகம் படித்து இதற்குப் பழக முடியாது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, கழுத்துக்கு வரும்போது உடம்பு கேட்கும் கேள்விகளுக்குப் பழக்கம் மட்டுமே பதில் சொல்லும்.

அடுத்த விந்தை மேலே வரும்போது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்றுதான் கிணற்றில் குதித்து வளர்ந்த நமக்குத் தோன்றும். இங்கே நேர்மாறு. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவரின் நுரையீரலில் இருக்கும் காற்று, மேலே வர வர விரிகிறது. 10 மீட்டர் ஆழத்தில் ஐந்து லிட்டராக இருந்தது மேற்பரப்பில் பத்து லிட்டராகும். மூச்சைப் பிடித்தால் நுரையீரல் கிழியும். ஆகவே ஊதிக்கொண்டே வர வேண்டும். காற்று தீர்ந்துபோகுமே என்று மனம் கெஞ்சும். தீராது, அது விரிந்துகொண்டே வருகிறது. கடைசிப் பத்து மீட்டரில்தான் விரிவு மிக அதிகம் என்பதால், வெளிச்சம் தெரிந்து ஆசுவாசப்படும் இடமே ஆபத்தான இடம்.

இதைப் பழக்குவதற்கென்றே சாதவாகனாவில் 2024 செப்டம்பரில் “வினேத்ரா” என்ற பயிற்சி வசதியைத் திறந்தார்கள். ஐந்து மீட்டர் உயரத் தப்பிக்கும் கோபுரம், அதோடு இணைந்த முக்குளிப்புத் தொட்டி. ஐந்து மீட்டர்தானா என்று கேட்கலாம். ஐந்து மீட்டரிலேயே காற்று ஒன்றரை மடங்கு விரிகிறது. தப்பு செய்தால் அடிபட அது போதும். ரஷ்யப் படகுகளில் வேறொரு வழியும் உண்டு: 53 சென்டிமீட்டர் அகலமுள்ள டார்பிடோக் குழாய்க்குள் ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து போய், கதவை மூடி, நீர் நிரப்பி, முன்வாயைத் திறந்து வெளியேறுவது. நெருக்கமான இடத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவர்களை அடையாளம் காண இதைவிட நேரடியான பரிசோதனை வேறு இருக்க முடியாது.

ஆழம் மிக அதிகமென்றால் வெளியே வர முயலாமல் காத்திருப்பதே அறிவு. 2018-இல் மும்பையில் இந்தியக் கடற்படை தன் முதல் ஆழ்கடல் மீட்புக் கலத்தைச் சேர்த்துக்கொண்டது. பிறகு விசாகப்பட்டினத்துக்கும் ஒன்று வந்தது. 650 மீட்டர் வரை இறங்கி, சிக்கிய படகின் மூடிமேல் ஒட்டிக்கொண்டு, ஒரு நடையில் 14 பேரை ஏற்றி வரும். 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்காலா என்ற நீர்மூழ்கி காணாமல் போனபோது விசாகப்பட்டினத்திலிருந்து அது கிளம்பியது. போய்ச் சேருவதற்குள், 838 மீட்டர் ஆழத்தில் மூன்று துண்டாகக் கிடக்கும் செய்தி வந்துவிட்டது. 53 பேர்.

சோறு, தூக்கம், சத்தம்

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக. இன்று மும்பையில் கட்டப்பட்டு, பழைய கல்வரியின் பெயரையே தாங்கி வந்திருக்கும் ஆறு கல்வரி வகைப் படகுகள் 67 மீட்டர் நீளம், நாற்பது சொச்சம் பேர். பழையவற்றைவிட வசதி. ஆனாலும் ஆளுக்கொரு படுக்கை என்று எண்ண வேண்டாம். டீசல் படகுகளில் ஒருவர் பணிக்கு எழுந்து போக, அவர் சூடு ஆறாத படுக்கையில் இன்னொருவர் வந்து படுப்பது பழைய வழக்கம். நன்னீர் கணக்காகத்தான் கிடைக்கும்; குளியல் என்பது துறைமுகத்தில் கிடைக்கும் இன்பம். மூடிய காற்றில் எண்ணெய்ப் புகை வேண்டாத விருந்தாளி என்பதால், சமையற்காரர் தாளிக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் ருசி காட்ட வேண்டும். நீர்மூழ்கியில் நல்ல சமையற்காரருக்கு இருக்கும் மரியாதை மேலே மிதக்கும் கப்பல்களில் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சத்தம் கூடாது. கடலில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக, வெகுதூரம் போகிறது. ஸ்பேனர் ஒன்று தரையில் விழுந்தால், எதிரியின் சோனார் முன் உட்கார்ந்திருப்பவர் தலையை நிமிர்த்துவார். கதவைச் சாத்துவது, தட்டை வைப்பது, சிரிப்பது எல்லாம் மெதுவாக. ஊருக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகாமல், வீட்டில் பாத்திரத்தைப் பூப்போல வைப்பார்களோ என்னவோ.

கடைசியாக ஒன்று, தமிழ்நாட்டில் இருந்துகொண்டே பார்க்கக்கூடியது. ரேடியோ அலைகள் கடல்நீருக்குள் போவதில்லை. மிக நீண்ட அலைகள் மட்டும் சில மீட்டர், சாதகமான நிலையில் சில பத்து மீட்டர் ஊடுருவும். அந்த அலைகளை அனுப்ப வானுயரக் கம்பங்கள் தேவை. திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில், 1990-இல் அதற்காகவே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தை அமைத்தார்கள். இந்தியாவின் மிக உயரமான கட்டுமானங்கள் அங்கேதான் நிற்கின்றன. கடலுக்கடியில் இருக்கும் படகுக்கு அங்கிருந்து கட்டளை போகும். ஆனால் படகு பதில் பேசாது. பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். வாழைத் தோட்டங்களுக்கு மேலே, இரவில் சிவப்பு விளக்குகளோடு தெரியும் அந்தக் கம்பங்களுக்குக் கீழே ஊர் தூங்குகிறது. எங்கோ ஆழத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒருவர் எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டிருப்பார்.